'அமைச்சர் பதவி விலக வேண்டும்' என்றால், விலக்குவது யார்?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு நடந்தவை தமிழ்நாட்டில் செய்தி படிக்கும் எவருக்கும் பழகிப்போன வரிசைதான். மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் சஸ்பெண்ட் ஆனார். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு நபர் ஆணையம் அறிவிக்கப்பட்டது. சென்னை கோட்டையில் பேரவை கூடியதும், பொறுப்பேற்றுப் பதவி விலகச் சொல்லி எதிர்க்கட்சியினர் முழங்கினார்கள், வெளியேற்றப்பட்டார்கள். கடைசியில் அதிமுக உறுப்பினர்கள் அந்தக் கூட்டத்தொடர் முடியும் வரை சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். மதுவிலக்குத் துறை அமைச்சர் பதவியில் தொடர்ந்தார்.

கட்சிகள் இடம் மாறி உட்கார்ந்தாலும் இந்த வரிசை மாறுவதில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது ஆட்சியில் அதிமுக, முழக்கமிட்டது திமுக. அப்போதும் ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் மாற்றப்பட்டார்கள், ஆணையம் அமைந்தது.

தவறு நடந்தது ஒரு துறையில். அந்தத் துறைக்கு ஓர் அமைச்சர் இருக்கிறார். அவரை யார் கேட்க முடியும், யார் நீக்க முடியும்? ஆளுநரா, முதல்வரா, பேரவையா, நீதிமன்றமா? இந்தக் கேள்விக்கு அரசமைப்புச் சட்டம் தரும் விடை பலர் நினைப்பதைவிடச் சுருக்கமானது.

எழுதியிருப்பது ஒரே வரி

மாநிலங்களுக்கு 164-ஆவது பிரிவு, மத்திய அரசுக்கு 75-ஆவது பிரிவு. 164(2) சொல்வது இவ்வளவுதான்: அமைச்சரவை மாநிலச் சட்டப் பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. 75(3) மக்களவையைக் குறித்து அதையே சொல்கிறது.

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் கனம் உண்டு. பொறுப்பு பேரவைக்கு, அதாவது தேர்ந்தெடுக்கப்பட்ட 234 பேருக்கு. ஆளுநருக்கோ கட்சித் தலைமைக்கோ பொறுப்பு என்று அது சொல்லவில்லை. அப்புறம், பொறுப்பு கூட்டாக. ஓர் அமைச்சரின் முடிவை எல்லா அமைச்சர்களும் சேர்ந்து சுமக்க வேண்டும். அமைச்சரவைக் கூட்டத்தில் ஒருவர் எவ்வளவு எதிர்த்துப் பேசியிருந்தாலும், வெளியே வந்ததும் முடிவை ஆதரிக்க வேண்டும். முடியாது என்றால் விலக வேண்டும். பேரவை நம்பிக்கை இழந்தால் ஒருவர் மட்டும் போவதில்லை, மொத்த அமைச்சரவையும் போகிறது.

அமைச்சர் தனியாகத் தன் துறைக்குப் பொறுப்பு என்ற வரி எங்கே இருக்கிறது? அப்படி நேரடியாக எழுதிய வரி கிடையாது. அது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இருந்து வந்த மரபு. மரபை மீறினால் வழக்குப் போட முடியாது. நாம் தெருவிலும் தொலைக்காட்சியிலும் கேட்பது அநேகமாக எப்போதும் இந்த எழுதப்படாத தனிப் பொறுப்பைத்தான். சட்டத்தில் எழுதியிருப்பதோ கூட்டுப் பொறுப்பு. குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அரசமைப்பை எழுதியவர்கள் இதைக் கவனிக்காமல் விடவில்லை. 1948 நவம்பர் 4 அன்று வரைவை அரசமைப்பு நிர்ணய அவையில் வைத்துப் பேசிய அம்பேத்கர், அமெரிக்க முறை நிலைத்தன்மையை அதிகம் தரும், நாடாளுமன்ற முறை பொறுப்பை அதிகம் தரும், வரைவு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று விளக்கினார். நாடாளுமன்ற முறையில் அரசு இரண்டு வகையில் எடை போடப்படுகிறது என்றார். தேர்தலில் மக்கள் போடும் எடை ஒன்று. கேள்விகள், தீர்மானங்கள், விவாதங்கள் வழியாக உறுப்பினர்கள் தினமும் போடும் எடை மற்றொன்று. இந்தத் தினசரி எடைதான் நாடாளுமன்ற முறையின் உயிர். அது இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதற்குப் பிறகு வருவோம்.

தனி அமைச்சரை நீக்கும் கருவி என்ன என்ற கேள்விக்கும் அதே ஆண்டு டிசம்பரில் அவர் பதில் சொன்னார். பிரதமர் பரிந்துரைக்காத எவரும் அமைச்சராக முடியாது, பிரதமர் வேண்டாம் என்று சொன்ன எவரும் அமைச்சராக நீடிக்க முடியாது. கூட்டுப் பொறுப்பை நடைமுறையில் காப்பது இந்த ஒரு கத்திதான். மாநிலத்தில் அது முதல்வரின் கையில் இருக்கிறது.

ஆளுநரின் விருப்பம்

164(1) படித்தால் வேறு மாதிரித் தோன்றும். அமைச்சர்கள் ஆளுநரின் விருப்பம் உள்ளவரை பதவி வகிப்பார்கள் என்கிறது அது. அப்படியானால் ஆளுநருக்குப் பிடிக்காவிட்டால் நீக்கிவிடலாமா?

இதை நாம் நேரடியாகவே பார்த்தோம். 2023 ஜூன் 14 அன்று அமைச்சர் செந்தில் பாலாஜியை அமலாக்கத் துறை கைது செய்தது. அவருடைய துறைகள் வேறு இருவருக்குப் போயின. அவர் இலாகா இல்லாத அமைச்சராகத் தொடர்வார் என்று அரசு அறிவித்தது. ஜூன் 29 மாலை ஆளுநர் ஆர்.என். ரவி அவரை நீக்குவதாக அறிவித்தார். அதே இரவில் அந்த உத்தரவை அவரே நிறுத்தி வைத்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. துறையே இல்லாமல் ஒருவரை அமைச்சராக வைத்திருப்பதை நீதிமன்றம் கடுமையாக விமர்சித்தது. ஆனாலும் முடிவு முதல்வருடையது என்று அவரிடமே விட்டது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது: முதல்வரின் பரிந்துரை இல்லாமல் ஆளுநர் ஓர் அமைச்சரை நீக்க முடியாது.

'ஆளுநரின் விருப்பம்' என்ற சொல்லுக்குள் இருப்பது முதல்வரின் விருப்பம் என்று புரிந்துகொண்டால் போதும். ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று 1974-இல் ஷம்ஷேர் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதை ஆளுநர் அதிகாரம், மாநில உரிமை என்ற கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆளுநரால் முடியாது என்று ஆனபின், கைதான அமைச்சரை என்ன செய்வது என்ற கேள்வி முழுக்க முதல்வர் மேல் விழுகிறது. முதல்வரிடம் அதைக் கேட்க வேண்டிய இடம் பேரவை. அங்கே கேட்கும் வலு இருந்தால்தான் ஆளுநரை ஒதுக்கி வைத்ததற்கு அர்த்தம் உண்டு.

கையெழுத்து செயலாளருடையது, பொறுப்பு யாருடையது?

எந்த அரசாணையையும் எடுத்துப் பாருங்கள். கடைசியில் 'ஆளுநரின் ஆணைப்படி' என்று இருக்கும். கீழே துறைச் செயலாளரின் பெயரும் கையெழுத்தும் இருக்கும். அமைச்சர் பெயர் அதில் இருக்காது. கோப்பு பிரிவு அலுவலரிடம் இருந்து மேலே ஏறி, அமைச்சரின் ஒப்புதல் பெற்று, மறுபடி கீழே இறங்கி ஆணையாகிறது. வெளியே வரும் தாளில் அமைச்சரின் தடம் தெரியாது. அதனால்தான் சிக்கல் வந்ததும் 'என் கவனத்துக்கு வரவில்லை' என்று அமைச்சரும், 'மேலிடத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள்' என்று அதிகாரியும் சொல்வதற்கு வழி பிறக்கிறது.

இந்த இழுபறி முழுதாக வெளிச்சத்துக்கு வந்த வழக்கு ஒன்று உண்டு. அதன் நாயகர் சென்னைக்காரர். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் தினமும் அவர் பெயர் தாங்கிய சாலையில்தான் போகிறார்கள்: டி.டி.கே. சாலை.

1957-இல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி மத்திய நிதியமைச்சர். தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களை அரசுடைமையாக்கி எல்.ஐ.சி. தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. அந்த ஆண்டு ஜூனில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா தொழிலதிபரின் நிறுவனங்களில் எல்.ஐ.சி. சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. அவை தடுமாறிக்கொண்டிருந்த நிறுவனங்கள். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அதுவும் பாலிசிதாரர்களின் பணம். மக்களவையில் கேள்வி எழுந்தது. முதலில் வந்த பதில்கள் வழவழவென்று இருந்தன. டிசம்பரில் பிரோஸ் காந்தி ஆதாரங்களோடு எழுந்து பேசியதும் அரசு திணறியது. அவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை. ஆளும் காங்கிரஸ் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன்.

நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது. இன்றைய ஆணையங்களோடு ஒப்பிட்டால் நம்ப முடியாத வேகம்: 1958 பிப்ரவரியிலேயே அறிக்கை வந்துவிட்டது. பங்கு வாங்கும் முடிவு நிதித்துறைச் செயலாளர் எச்.எம். பட்டேல் எடுத்தது, தனக்கு அதில் பங்கில்லை என்பது டி.டி.கே.யின் வாதம். சாக்ளா அதை ஏற்கவில்லை. செயலாளர் செய்ததற்கு அமைச்சர் அரசமைப்பு ரீதியாகப் பொறுப்பேற்றே ஆக வேண்டும், அவர் என் ஒப்புதல் இல்லாமல் செய்தார் என்று ஒதுங்க முடியாது என்பது அவர் கண்டது. டி.டி.கே. அந்த மாதமே பதவி விலகினார்.

இதன் பின்கதை சுவையானது. 1962-இல் டி.டி.கே. மறுபடி அமைச்சரவைக்கு வந்தார், நிதித்துறையும் திரும்பக் கிடைத்தது. அந்தச் செயலாளர் எச்.எம். பட்டேல் பிறகு அரசியலுக்கு வந்து 1977-இல் ஜனதா ஆட்சியில் தானே நிதியமைச்சர் ஆனார். பதவி விலகுவது என்றால் அரசியல் வாழ்க்கை முடிந்தது என்று நம் ஊர் அரசியல்வாதிகள் நடுங்குவதைப் பார்க்கும்போது இந்த இருவரும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

முந்த்ரா விவகாரத்தை மூன்று தனித்தனி வேலைகளாகப் பிரித்துப் பார்க்கலாம். அமைச்சரின் தனிப் பொறுப்பு என்பது இவை மூன்றும் சேர்ந்ததே.

1. பதில் சொல்வது. என்ன நடந்தது, எந்தத் தேதியில் யார் முடிவெடுத்தார் என்பதை அவையில் முழுதாகச் சொல்வது. இதற்கு அமைச்சர் தவறு செய்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

2. சரிசெய்வது. விதியை மாற்றுவது, இழப்பை ஈடுகட்டுவது, தவறிய அதிகாரி மீது நடவடிக்கை எடுப்பது.

3. விலகுவது. தவறு அமைச்சருடையது என்றாலோ, அவையைத் திசை திருப்பினார் என்றாலோ, துறையின் தோல்வி அவ்வளவு பெரியது என்றாலோ.

நம் அரசியல் விவாதம் மூன்றாவதில் தொடங்கி மூன்றாவதிலேயே முடிந்துவிடுகிறது. முதலாவது நடக்கவே இல்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. என் கணிப்பில் ஆளும் கட்சிகளுக்கு இது வசதிதான். 'பதவி விலகு' என்ற கோரிக்கையை 'அரசியல் செய்கிறார்கள்' என்று ஒரு வரியில் தள்ளிவிடலாம். 'எந்தத் தேதியில் உங்கள் மேசைக்குக் கோப்பு வந்தது?' என்ற கேள்வியை அப்படித் தள்ள முடியாது.

அரியலூர்

முந்த்ராவுக்கு ஓராண்டு முன்பு, 1956 நவம்பர் 23 அதிகாலை, சென்னையில் இருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே மருதையாற்றில் கவிழ்ந்தது. வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி விலகினார். துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் திமுக எழுப்பிய முழக்கம் அடுத்த தேர்தல் வரை ஒலித்தது.

சாஸ்திரி அதற்குச் சில மாதங்கள் முன்பு மகபூப்நகர் விபத்தின்போதே விலகல் கடிதம் கொடுத்திருந்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றார். அப்போதும், விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதால் ஏற்கவில்லை, அரசமைப்பு மரபுக்கு ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்றே ஏற்கிறேன் என்ற பொருளில் விளக்கம் தந்தார்.

ஒவ்வொரு ரயில் விபத்தின்போதும் சாஸ்திரி பெயர் வருகிறது. அந்த உதாரணத்தை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பாலம் ஏன் பலவீனமாக இருந்தது, மழை எச்சரிக்கை ஏன் போகவில்லை என்பதற்கு விலகல் கடிதம் பதில் ஆகாது. சாஸ்திரியின் விலகல் உயர்ந்த செயல். ஆனால் அது மூன்றாவது வேலை மட்டும்தான்.

கோட்டைக்குள் என்னென்ன கருவிகள் இருக்கின்றன

பேரவை நடவடிக்கைகளைப் பற்றிய செய்திகளில் வரும் சொற்கள் பலருக்கும் காதில் விழுந்து பழகியவை. எது எதற்கு என்று பார்க்கலாம்.

1. கேள்வி நேரம். முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். உண்மையான சோதனை துணைக் கேள்வியில் இருக்கிறது. முதல் பதிலை அதிகாரிகள் எழுதித் தந்துவிடுவார்கள், துணைக் கேள்விக்குத் துறை தெரிந்திருக்க வேண்டும். மக்களவையில் நாள் ஒன்றுக்கு 20 கேள்விகள் வாய்மொழிப் பதிலுக்கு எடுக்கப்படுகின்றன, மற்றவற்றுக்கு எழுத்தில் பதில். நம் பேரவையில் துணைக் கேள்விகளில் பெரும்பகுதி 'என் தொகுதிக்குப் பாலம் வருமா, பேருந்து நிலையம் வருமா' என்று போய்விடுகிறது. தொகுதிக்குக் கேட்பது தப்பில்லை. ஆனால் துறை எப்படி நடக்கிறது என்ற கேள்விக்கு நேரம் மிஞ்சுவதில்லை. 2022 ஜனவரியில் இருந்து கேள்வி நேரம் நேரலையில் வரத் தொடங்கியது. பார்க்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

2. கவன ஈர்ப்பும் ஒத்திவைப்பும். திடீரென்று எழும் பிரச்சினையில் அமைச்சரிடம் விளக்கம் பெறுவது கவன ஈர்ப்புத் தீர்மானம். மற்ற அலுவல்களை நிறுத்திவிட்டு இதைப் பேசு என்று கேட்பது ஒத்திவைப்புத் தீர்மானம். இரண்டுக்கும் பேரவைத் தலைவரின் அனுமதி வேண்டும். விஷயம் நீதிமன்றத்தில் இருக்கிறது என்பது மறுப்புக்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம்.

3. மானியக் கோரிக்கை. ஒவ்வொரு துறைக்கும் வேண்டிய பணத்தைப் பேரவையிடம் அமைச்சர் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அன்றுதான் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு உறுப்பினர்களுக்குத் தரப்படுகிறது. ஒரு துறை என்ன செய்தது, எவ்வளவு செலவழித்தது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல அரசு ஆவணம் இல்லை. இணையத்திலும் கிடைக்கும். எதிர்க்கட்சிகள் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். தொகையை 1 ரூபாயாகக் குறை என்றால் கொள்கையையே ஏற்கவில்லை என்று பொருள், 100 ரூபாய் குறை என்றால் குறிப்பிட்ட ஒரு குறையைச் சுட்டுவதாகப் பொருள். வெட்டுத் தீர்மானம் நிறைவேறினால் அரசு பெரும்பான்மை இழந்ததாகவே கொள்ளப்படும். கேரளத்தில் கோரிக்கைகள் முதலில் துறைசார் குழுக்களுக்குப் போய், அங்கே அலசப்பட்டு அவைக்குத் திரும்புகின்றன. இங்கே முழு அவையில் துறைக்கு ஒரு நாள், சில நேரம் ஒரே நாளில் இரண்டு மூன்று துறைகள். பேசுகிறவர் தன் தலைவரைப் புகழ்ந்து முடிக்கவே பாதி நேரம் போய்விடும்.

4. தணிக்கையும் பொதுக் கணக்குக் குழுவும். 151-ஆவது பிரிவின்படி தலைமைக் கணக்குத் தணிக்கையரின் (சிஏஜி) மாநில அறிக்கைகள் பேரவையில் வைக்கப்பட வேண்டும். தேனாம்பேட்டையில் இருக்கும் கணக்காயர் அலுவலகத்தில் உருவாகும் பத்திகள்தான் இவை. பிறகு அவற்றைப் பொதுக் கணக்குக் குழு எடுத்துத் துறைச் செயலாளர்களை அழைத்து விசாரிக்கும். அமைச்சர்கள் இந்தக் குழுவில் உறுப்பினராக முடியாது. நாடாளுமன்றத்தில் 1967-இல் இருந்து எதிர்க்கட்சி உறுப்பினரே தலைவர் என்பது மரபு. தமிழ்நாட்டில் 2021-இல் அமைந்த பேரவையில் அந்த இடம் ஆளும் கூட்டணியில் இருந்த காங்கிரஸுக்குப் போனது. விதிமீறல் என்று சொல்ல முடியாது. மரபு எப்படித் தேய்கிறது என்பதற்கு இதைவிட அமைதியான உதாரணமும் கிடைக்காது.

5. உறுதிமொழிக் குழு. யாரும் பேசாத, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கருவி. 'அரசின் பரிசீலனையில் உள்ளது', 'நிதி நிலைமைக்கேற்ப ஆவன செய்யப்படும்' என்று அமைச்சர்கள் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது நமக்குத் தெரியும். நாடாளுமன்றத்தில் எந்தெந்தச் சொற்றொடர்கள் உறுதிமொழியாகக் கணக்கில் எடுக்கப்படும் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. பரிசீலனையில் உள்ளது என்பதும் அதில் அடக்கம். சொன்ன அமைச்சகம் 3 மாதத்துக்குள் அதை நிறைவேற்றவோ, அவகாசம் கேட்கவோ வேண்டும். நம் பேரவையிலும் இப்படி ஒரு குழு உண்டு, மாவட்டங்களுக்குப் போய் ஆய்வு செய்கிறது. நழுவுவதற்காகச் சொன்ன வார்த்தையே பின்னால் வந்து பிடிக்கும்.

6. விதி 110. இது எதிர்த் திசையில் வேலை செய்யும் கருவி என்பதால் சேர்க்கிறேன். பொது முக்கியத்துவம் வாய்ந்த விஷயத்தில் அரசு அறிக்கை படிக்க இந்த விதி இடம் தருகிறது. அப்போது விவாதம் கிடையாது. ஜெயலலிதா 2011-2016 ஆட்சியில் திட்ட அறிவிப்புகளைத் தொடர்ந்து இந்த விதியில் படித்ததால் அது பிரபலமானது. அன்று எதிர்த்தவர்களும் ஆட்சிக்கு வந்தபின் அதை விடவில்லை. மேசை தட்டும் சத்தம் உண்டு, 'பணம் எங்கிருந்து வரும்?' என்ற கேள்விக்கு இடமில்லை.

ஆணையங்கள்

விசாரணை ஆணையம் அறிவித்தால் பேரவையில் விவாதம் அடங்கிவிடும். 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அறிக்கை கிடைத்த 6 மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கைக் குறிப்போடு அதை அவையில் வைக்க வேண்டும். அறிக்கை எழுதி முடிக்கக் கெடு நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு கிடைக்கும். பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தா.

தூத்துக்குடியில் 13 பேர் இறந்தது 2018 மே மாதத்தில். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை பேரவைக்கு வந்தது 2022 அக்டோபரில், ஆட்சியே மாறிய பிறகு. துப்பாக்கிச் சூடு பற்றித் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சொன்னதை ஆணையம் ஏற்கவில்லை. காவல்துறை அவர் பொறுப்பில் இருந்தது.

தமிழ்நாட்டில் காவல்துறை வழக்கமாக முதல்வரிடமே இருக்கும். தவறிய அமைச்சரை நீக்கும் கத்தி முதல்வர் கையில் என்று மேலே பார்த்தோம். துறையின் அமைச்சரே முதல்வர் என்றால் கத்தியைப் பிடிக்க வேறு கை இல்லை. மிஞ்சுவது பேரவையின் நம்பிக்கையில்லாத் தீர்மானம் மட்டுமே.

நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஏன் மழுங்கிப்போனது

கோட்டைக்கு இந்தக் கருவி புதிதில்லை. 1923 நவம்பரிலேயே சென்னை மாகாணச் சட்டசபையில் அன்றைய முதன்மை அமைச்சர் பனகல் அரசரின் அமைச்சரவை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து தோற்றது. மக்களவையில் முதல் தீர்மானம் 1963-இல் கிருபளானி கொண்டுவந்தது. அங்கே குறைந்தது 50 உறுப்பினர்கள் எழுந்து நின்றால்தான் தீர்மானம் ஏற்கப்படும். அது மொத்த அமைச்சரவைக்கு எதிராகத்தான், ஒரே அமைச்சரைக் குறி வைக்க முடியாது.

மக்களவையில் இதுவரை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் ஓர் அரசு கவிழ்ந்ததில்லை. கவிழ்ந்தவை நம்பிக்கை கோரிய தீர்மானத்தில் தோற்றவை. 1999 ஏப்ரல் 17 அன்று அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டபின் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் விழுந்தது. அரசை விழுத்துகிறவர்கள் அநேகமாகக் கூட்டணிக் கட்சிகள்தான், தன் மனசாட்சிப்படி எழுந்து நிற்கும் உறுப்பினர்கள் இல்லை.

காரணம் கட்சித் தாவல் தடைச் சட்டம். 1985-இல் 52-ஆவது திருத்தம் வழியாகப் பத்தாவது அட்டவணை வந்தது. கட்சிக் கொறடா உத்தரவுக்கு எதிராக ஓட்டுப் போட்டால் உறுப்பினர் பதவி போகலாம். பணத்துக்கும் பதவிக்கும் தாவியவர்களைத் தடுக்க வந்த சட்டம். அதற்கான தேவை இருந்தது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது நம்பிக்கை ஓட்டுக்கு மட்டும் என்று நிற்கவில்லை, கொறடா உத்தரவிடும் எந்த ஓட்டுக்கும் பொருந்தும். அமைச்சரவை பேரவைக்குப் பொறுப்பு என்கிறது 164(2). அந்தப் பேரவையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று உத்தரவிடுவதோ அமைச்சரவையை நடத்தும் அதே தலைமை. பேசுவதற்குச் சட்டத் தடை இல்லை. ஆனால் அடுத்த தேர்தலில் சீட்டுக் கொடுப்பதும் அந்தத் தலைமைதான். இன்று ஒரு பிரோஸ் காந்தி ஆளும் கட்சி வரிசையில் இருந்து எழுவாரா என்று யோசித்தால் விடை தெரிந்துவிடும்.

2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரியபோது 122-க்கு 11 என்று வென்றார். பிரதான எதிர்க்கட்சியான திமுக அப்போது அவைக்குள் இல்லை, வெளியேற்றப்பட்டிருந்தது. கணக்கு சரிதான், அம்பேத்கர் சொன்ன எடை போடுதல் அங்கே நடந்ததா என்பது வேறு விஷயம்.

அவை கூடுவதே குறைவு என்பது இன்னொரு காரணம். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே 6 மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்று மட்டும்தான் 174-ஆவது பிரிவு சொல்கிறது, ஆண்டுக்கு எத்தனை நாள் என்று சொல்லவில்லை. ஆண்டுக்கு 100 நாள் பேரவை கூடும் என்று 2021 தேர்தல் அறிக்கையில் திமுக வாக்களித்தது. அந்த எண்ணை நெருங்கவில்லை. கூடாத அவையில் கேள்வி நேரம் ஏது?

அவை விட்ட இடத்தில் நீதிமன்றம்

அவை வலுவிழந்த இடத்தை நீதிமன்றம் நிரப்புகிறது. இரண்டும் வேறு வேலை என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நீதிமன்றம் பார்ப்பது குற்றம், அதற்கு ஐயமற்ற சான்று வேண்டும். அவை பார்க்க வேண்டியது நிர்வாகம். 2ஜி விவகாரத்தில் ஆ. ராசா 2010 நவம்பரில் விலகினார். 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் அவரை விடுவித்தது. விலகியதால் குற்றவாளி என்று ஆகாது. விடுதலையானதால் அலைக்கற்றை ஒதுக்கிய முறை பற்றி அவையில் கேள்வியே எழுந்திருக்கக் கூடாது என்றும் ஆகாது.

சட்டம் தானாகப் பதவியைப் பறிப்பது தண்டனை வந்த பிறகு மட்டுமே. 2 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை என்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு பாயும். மேல்முறையீடு செய்துவிட்டுப் பதவியில் தொடரும் வசதியை 2013-இல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2014 செப்டம்பரில் ஜெயலலிதா முதல்வர் பதவியை இழந்தது இந்தத் தீர்ப்புக்குப் பின்தான். 2019 ஜனவரியில் விளையாட்டுத் துறை அமைச்சர் பாலகிருஷ்ண ரெட்டி, 1998-இல் நடந்த கலவர வழக்கில் 3 ஆண்டு தண்டனை பெற்று விலகினார்.

தண்டனைக்கு முன்? குற்றச்சாட்டுப் பதிவானவர்களை அமைச்சராக்காமல் இருப்பது நல்லது என்று 2014-இல் மனோஜ் நருலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தடை போடவில்லை, பிரதமர், முதல்வர்களின் விவேகத்துக்கு விட்டது. செந்தில் பாலாஜி 2024 பிப்ரவரியில் விலகி, செப்டம்பரில் ஜாமீன் பெற்ற சில நாட்களில் மறுபடி அமைச்சரானார். ஜாமீனா, பதவியா என்று உச்ச நீதிமன்றம் கேட்டபின் 2025 ஏப்ரலில் மீண்டும் விலகினார். இந்த வரிசையில் எந்த இடத்திலும் பேரவை ஓட்டெடுப்பு கிடையாது.

2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் அறிமுகமான 130-ஆவது அரசமைப்புத் திருத்த மசோதா இந்த இடைவெளியைத்தான் தொடுகிறது. 5 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய குற்றத்துக்காகக் கைதாகி, தொடர்ந்து 30 நாள் காவலில் இருக்கும் அமைச்சர் 31-ஆவது நாளில் நீக்கப்பட வேண்டும் என்கிறது. முதல்வர் பரிந்துரைக்காவிட்டாலும் அதற்கடுத்த நாள் பதவி தானாகப் போய்விடும். பிரதமர், முதல்வர்களுக்கும் இது பொருந்தும். வெளியே வந்தபின் மறுபடி நியமிக்கலாம். மசோதா நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது.

சிறையில் இருந்து கோப்பில் கையெழுத்துப் போடுவது சரியா என்று ஆதரிப்பவர்கள் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. விசாரணை அமைப்புகள் மத்திய அரசின் கையில், ஜாமீன் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும் சட்டங்கள் நடைமுறையில், எதிர்க்கட்சி மாநிலங்களின் அமைச்சர்களைக் கழற்ற 30 நாள் காவல் போதும் என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள். அதுவும் நியாயமான அச்சம். இரு தரப்பும் அதிகம் பேசாத ஒன்று மசோதாவின் அமைப்பில் இருக்கிறது. அமைச்சரை நீக்கும் நிகழ்வு கைதில் தொடங்கி, காவல் நீட்டிப்பில் வளர்ந்து, நாட்காட்டியில் முடிகிறது. 164(2) எந்த அவையின் பெயரைச் சொல்கிறதோ, அந்த அவை அந்த 31 நாட்களில் கூட வேண்டிய அவசியம்கூட இல்லை.